[கலைச்சொல்] டிரையாங்குலேஷன்: வியாழன் மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

கண்டனூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

"பணியிட ஆய்வு: தகவல் திரட்டல், பகுத்தாய்வு, எடுத்துரைப்பு" கையேட்டின் தமிழாக்கம் வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். தரவு, மாதிரி, மாறி, மறுமொழியாளர் எல்லாம் போன மாதமே முடிந்த கதை. தயவுசெய்து யாரும் அவற்றைக் கிளற வேண்டாம். மிச்சம் நிற்பது டிரையாங்குலேஷன் ஒன்றுதான்.

ஒரே கேள்விக்குப் பல மூலங்களிலிருந்தோ பல முறைகளிலோ விடை தேடி, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இது. கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டு ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை. கேள்வி: நூற்றுக்கு எத்தனை கல் சேதமாகிறது? இருப்புப் புத்தகம் ஒரு மூலம், வேலையாட்களிடம் பேட்டி இன்னொன்று, ஒரு வாரம் நேரில் நின்று எண்ணுவது மூன்றாவது.

படிக்கப்போகிறவர்கள் பட்டறை மேற்பார்வையாளர்கள், நெசவுச் சங்கக் கணக்கர்கள். சொல் அட்டவணைத் தலைப்பில் அடங்க வேண்டும், வினையாகவும் புழங்க வேண்டும். முதல் வரைவில் "முக்கோணவாக்கம்" என்று இருக்கிறது. கல்லை முக்கோணமாக அறுக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அம்மா, அந்த வரைவுச் சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். முக்கோணம் நில அளவையிலிருந்து வந்த உவமை. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்தாரே, அந்த வேலை: அந்தக் கோடாகிய ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மூன்றாம் புள்ளி எங்கே என்று கணக்கில் வரும். பட்டறையில் கோணமும் இல்லை, அடிக்கோடும் இல்லை. பிறர் உவமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மிடம் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனால் ஒற்றிக் கொள்ளச் சொல்கிறது 588-ஆம் குறள். அடுத்த குறள் இன்னும் நறுக்கு:

ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்

ஒருவனை மற்றவன் அறியாதபடி மூவரை ஏவு, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் தெளி. இதைவிட வரையறை வேண்டுமா? என் பரிந்துரை "மூவொற்று". வினை: மூவொற்றினர். ஒற்று என்பது உளவு மட்டுமல்ல. ஒற்றுதல் அழுத்திப் பதித்தல். பதித்ததைப் பதித்ததோடு வைத்துப் பார்ப்பதும் அதில் அடங்கும். அடமானத்துக்கு ஒற்றி என்று பெயர், மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். ஒற்று இல்லாமல் "மெய்" இல்லை என்பதைக் கவனியுங்கள்.

புதுவயலிலிருந்து:

கணக்கரிடம் போய் "மூவொற்று" என்றால் எந்த இடத்தில் மூன்று ஒற்று மிகும் என்று கேட்பார்.

காரைக்குடியிலிருந்து:

தேவகோட்டை ஐயா எடுத்துக் கொடுத்த குறள் அருமை. சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. "மூன்று" ஒட்டவே கூடாது. 1970-களில் சமூகவியலாளர் டென்சின் இதை நான்கு வகையாகப் பிரித்தார்: தரவு மூலங்களை மாற்றிப் பார்ப்பது, ஆய்வாளர்களை மாற்றிப் பார்ப்பது, கோட்பாட்டை மாற்றிப் பார்ப்பது, முறையை மாற்றிப் பார்ப்பது. எதிலும் மூன்று என்பது கட்டாயமில்லை. இரண்டு போதும், ஐந்தும் இருக்கலாம்.

குறளில் உயிர்நாடி "மூவர்" அல்ல, "உணராமை". களத்தில் கெட்டுப்போவதும் அங்கேதான். பட்டறையில் மேற்பார்வையாளர் இருப்புப் புத்தகத்தை எப்படி எழுதுகிறார்? சாயங்காலம் வேலையாளிடம் "இன்னிக்கு எத்தனை போச்சு?" என்று கேட்டு எழுதுகிறார். அப்புறம் நாம் போய் அதே வேலையாளைப் பேட்டி எடுத்தால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். அவை இரண்டு மூலம் அல்ல, ஒரே வாய். ஆகவே புத்தகத்தை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது: இதை யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார்?

பேட்டியைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் கூட்டமாகக் கேட்டால் மூத்தவர் சொல்வதே எல்லோர் விடையும். புத்தகத்து எண்ணை முன்கூட்டிச் சொல்லிவிடவே கூடாது. "வழக்கமா எவ்வளவு போகும்?" என்று கேட்டால் பழைய பேச்சுதான் வரும், "நேத்து எத்தனை?" என்று கேட்க வேண்டும். நேரில் எண்ணும்போது முதல் இரண்டு நாள் கணக்கைச் சேர்க்க வேண்டாம். ஆள் நிற்கிறான் என்று எல்லோரும் பதனமாகக் கல்லைத் தூக்குவார்கள்.

இன்னொன்று, பொருந்தாமல் போவது தோல்வி அல்ல. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கண்ணாடிமேல் 400 கல் வார்த்தார்கள் என்று வைப்போம். கண்ணாடியிலிருந்து பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறி எடுக்கும் வரைக்கும் 12 விரிசல் விட்டது. மிஞ்சிய 388-இல் வண்டியில் ஏற்றும்போது 8 ஓரம் உடைந்தது. புத்தகம் வண்டியில் ஏற்றுவதைத்தான் பார்க்கிறது: 388-க்கு 8, நூற்றுக்கு இரண்டு. தொட்டியடியில் நிற்கும் ஆள் தன் 12-ஐப் பார்க்கிறார்: நூற்றுக்கு மூன்று. முழுக்க எண்ணியவர் 400-க்கு 20 என்கிறார்: நூற்றுக்கு ஐந்து. மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பார்க்கிற கட்டம் வேறு, புத்தகத்துக்கு வகுக்கும் எண்ணும் வேறு. இங்கே மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து 3.3 என்று முதலாளியிடம் நீட்டுவதுதான் பெரிய தவறு. அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

எனவே வேண்டிய சொல்லில் "பல வழி" இருக்க வேண்டும். என் பரிந்துரை: பல்வழிச் சரிபார்ப்பு.

பள்ளத்தூரிலிருந்து:

தம்பி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல்வழி. எங்கள் தெருவில் நாலு பேரிடம் சொன்னால் மூன்று பேர் கிராம்புத் தைலம் கொண்டுவருவார்கள்.

"சரிபார்ப்பு"ம் ஆகாது. கையேட்டில் பதிவு செய்த எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற பகுதிக்கு ஏற்கெனவே அதைத்தான் வைத்திருக்கிறோம். 38-ஐ 83 என்று எழுதிவிட்டதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, புத்தகமும் ஆளும் வேறு வேறு சொல்வதை ஆராய்வது வேறு வேலை. ஒரே சொல் போட்டால் இரண்டாவதைச் செய்யாமலே "சரிபார்த்தாச்சு" என்று எழுதிவிடுவார்கள்.

கடைக் கணக்கில் நாம் சொல்வது "ஒத்துப்பார்ப்பது". குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, ஐந்தொகை எடுக்குமுன் பற்றும் வரவும் ஒத்துப் பார்ப்போம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "பலவழி ஒத்துப்பார்த்தல்" என்று வையுங்கள். பல்வழி, பலவழி இரண்டும் சரிதான், நன்னூல் அகரத்தை விகற்பம் என்று நம் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொன்ன சொல்லைத் தள்ள மனம் வரவில்லை. காரணம், அது "ஒற்றிப்பார்த்தல்" என்பதன் பேச்சு வடிவமாகவே இருக்க வேண்டும். ஒற்றி ஒத்தியாகவில்லையா? நெற்றி நெத்தியாகவில்லையா? எழுத்து வழக்கில் "ஒற்றிப்பார்த்தல்" என்றே போட்டுவிடலாம்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். ஒத்து என்பது ஒத்தல் என்ற வினையின் எச்சம். ஒப்பு, ஒத்த, ஒவ்வாமை எல்லாம் அந்தக் குடும்பம். ஒற்றுக்கும் அதற்கும் உறவு இல்லை.

எனக்கு இருக்கிற தயக்கம் வேறு. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை ஊதுவதும் ஒத்துதான். "ஒத்து ஊதுகிறான்" என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பணியிட ஆய்வில் நாம் பயப்படுவதே அதற்குத்தான்.

பள்ளத்தூரிலிருந்து:

அதனால்தானே ஒத்துப் "பார்க்க" வேண்டியிருக்கிறது.

கோட்டையூரிலிருந்து:

இடையில் ஒரு சந்தேகம். கையேட்டின் மாதிரிப் படிவத்தில் "குடும்பத்தில் எத்தனை புள்ளி" என்று ஒரு கட்டம் பார்த்தேன். இந்தப் பக்கம் நகரத்தார் வீட்டில் அதைக் கேட்டால் தலைக்கணக்கு வராது. மணமானவரைத்தான் புள்ளி என்று கோயிலில் எழுதுவார்கள். ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று விடை வரும். புள்ளிவிவரத்தில் உள்ள புள்ளியே இதிலிருந்து வந்ததோ என்னவோ!

தேவகோட்டையிலிருந்து:

ஆமாம், இதை விரிவாகப் பார்க்க வேண்டும். புள் என்ற வேர்...

கண்டனூரிலிருந்து:

ஐயா, வேண்டாம். புள்ளிக்குத் தனி இழை தொடங்குங்கள். கோட்டையூர் அண்ணன் சுட்டிய கட்டத்தை "எத்தனை பேர்" என்று மாற்றிவிட்டேன், நன்றி.

இதுவரை வந்தவை: மூவொற்று, பல்வழிச் சரிபார்ப்பு, பலவழி ஒத்துப்பார்த்தல், ஒற்றிப்பார்த்தல். தனி மடலில் ஒருவர் "பலவழித் தேர்தல்" என்று அனுப்பியிருக்கிறார். தேர்ந்து தெளிதல் என்ற பொருளில் அழகுதான். ஆனால் சங்கத்தில் அந்தத் தலைப்போடு தாளை நீட்டினால் வேட்புமனு எப்போது என்று கேட்பார்கள். புதன் இரவு வரை கருத்துச் சொல்லலாம்.

புதுவயலிலிருந்து:

ஆச்சி சொன்னதற்கே என் கை. எனக்கு நாளைக்கு வகுப்பு இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து:

சரி, ஒத்துக்கொள்கிறேன் (வேறு சொல் கிடைக்கவில்லை). ஒரு நிபந்தனை: வரையறையில் "ஒரு மூலம் இன்னொன்றைப் பார்த்து எழுதப்படாததாக இருக்க வேண்டும்" என்ற வரி கட்டாயம்.

எடுத்துரைப்புப் பகுதியில் அட்டவணைக்கு ஐந்து நிரல் வையுங்கள்: மூலம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் கட்டம், எத்தனையில் எத்தனை, நூற்றுக்கு எவ்வளவு. நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் காட்டினால் முதலாளி முதலில் கேட்பது "யார் சொல்வது உண்மை?" என்பதாகத்தான் இருக்கும். நான்காவது இருந்தால் "தொட்டியில் ஏன் இத்தனை போகிறது?" என்று கேட்பார். அறிக்கை அந்தக் கேள்விக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பொருந்தாத இடத்தை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் அட்டவணைக்கு நேர் கீழே இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.

கண்டனூரிலிருந்து:

நால்வர் "பலவழி ஒத்துப்பார்த்தல்", ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் மௌனம். அதையே போடுகிறேன். தலைப்பில் "ஒத்துப்பார்த்தல்" என்று சுருக்கி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டிரையாங்குலேஷன் என்று பக்கத்தில் தருகிறேன். காரைக்குடித் தம்பி சொன்ன வரியும் ஐந்து நிரலும் சேர்ந்துவிட்டன.

தேவகோட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு அல்ல. "உணராமை"யைச் சொல்லிலிருந்து எடுத்து வரையறைக்குள் தள்ளியிருக்கிறீர்கள். வரையறையை யாரும் படிப்பதில்லை, அட்டவணைத் தலைப்பைத்தான் படிக்கிறார்கள். என் எதிர்ப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இழையைத் தொடங்கிவிட்டேன்.