தாய்லாந்து ஓய்வுக்கால விசா: 8 லட்சம் பாட்டை எங்கே போடுவது?

மதுரைக்காரன்61:
வணக்கம். எனக்கு 61, மனைவிக்கு 57. மகள் பாங்காக்கில் வேலை பார்க்கிறாள், இரண்டு முறை போய்த் தங்கியதில் ஊர் பிடித்துப்போய்விட்டது, அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்து இருந்துவிடலாம் என்று யோசனை. என் பென்ஷன் மாதம் 58,000 ரூபாய். அது போதாது, 8 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) வங்கியில் காட்ட வேண்டும் என்கிறார்கள். அதை இங்கேயே வைத்துக் காட்டலாமா, அங்கே அனுப்ப வேண்டுமா? மனைவிக்குத் தனியாக இன்னொரு 8 லட்சமா? அப்படியென்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன்.

சீலோம்வாசி:
சார், மாத வருமானத்தைக் காட்டிப் போவதென்றால் 65,000 பாட் வேண்டும். உங்கள் பென்ஷன் அதில் பாதிகூட வராது, எனவே டெபாசிட்தான். 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வழி. ஓ-ஏ (O-A) விசா என்றால் முதல் வருடத்துக்குப் பணம் இந்திய வங்கியிலேயே இருக்கலாம், ஆனால் 30 லட்சம் பாட்டுக்கு மருத்துவக் காப்பீடு, போலீஸ் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள் (தொழுநோய், காசநோய், யானைக்கால் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், படித்துவிட்டு என் மனைவி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்). நான் எடுத்தது இரண்டாவது வழி, 90 நாள் ஓ (O) விசா. வந்ததும் இங்கே தாய்லாந்து வங்கியில் கணக்கு தொடங்கிப் பணத்தைப் போட்டேன், அது இரண்டு மாதம் கிடந்த பிறகு ஒரு வருட நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன், கட்டணம் 1,900 பாட். கிடைத்த பிறகும் மூன்று மாதம் பணத்தைத் தொடக்கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கட்டும். மனைவி உங்களைச் சார்ந்தவராக வரலாம், தனி டெபாசிட் தேவையில்லை. திருமணச் சான்றிதழ் மட்டும் வேண்டும்.

மதுரைக்காரன்61:
அங்கேதான் இடிக்கிறது. 1991-இல் கோயிலில் கல்யாணம். கையில் இருப்பது பத்திரிகையும் ஆல்பமும்தான்.

கணக்குப்பிள்ளை:
பழைய கல்யாணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணச் சட்டப்படி பதியலாம் ஐயா, அந்தப் பத்திரிகையைத் தொலைத்துவிடாதீர்கள். அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், பென்ஷன் ஆணையில் வேறு மாதிரி இருக்கும். கவுண்டரில் இருப்பவருக்கு அது மூன்று ஆள். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்படி மாற்றிவிடுங்கள். பணம் அனுப்புவதில் ஒன்று: ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் மிச்சத்துக்கு 20% டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரித்து அனுப்புங்கள்.

சியாங்மாய்_தாத்தா:
ரீஎன்ட்ரி பெர்மிட்டை யாருமே சொல்லவில்லையே. இரண்டு வருடம் முன்பு அம்மா தவறிய செய்தி வந்தது, கையில் கிடைத்த சட்டையோடு விமானம் ஏறினேன். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தால், அதிகாரி பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு உங்கள் நீட்டிப்பு ரத்து என்றார். அந்த பெர்மிட் எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால் அதோடு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. நம் வீடுகளில் கல்யாணம், கருமாதி என்று வருடம் இரண்டு தடவையாவது ஓட வேண்டியிருக்கும், எனவே 3,800-ஐக் கட்டிவிடுங்கள். அவசரமென்றால் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே கவுண்டர் இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

90 நாளுக்கு ஒரு தடவை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிப்பதையும் மறக்காதீர்கள். டெபாசிட்டை நாங்களே காட்டித் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் வருவார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மதுரைக்காரன்61:
எல்லோருக்கும் நன்றி. பீரோவில் பத்திரிகை கிடைத்துவிட்டது, ஆனால் அதில் மனைவி பெயர் வேறு! வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு அச்சடித்திருக்கிறார் என் மாமனார். இதற்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
அவருடைய பள்ளிச் சான்றிதழையும் கல்யாணத்துக்கு வந்த இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள் ஐயா. பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.