ரோல்ஸ் ராய்ஸுக்கு நாலாவது கியர் வந்தது 1913லயா? யார் சொன்னது?

கியர்பாக்ஸ் கண்ணன்: நேத்து ஒரு வீடியோ பார்த்தேன். "ரோல்ஸ் ராய்ஸ் 1913லதான் முதல்முறையா 4 கியர் வச்சுது"ன்னு ஒருத்தர் அடிச்சு விடறார், கீழ எல்லாரும் கைதட்டறாங்க. ஐயா, 1907ல ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆளுங்க கூடவே உட்கார்ந்து பார்க்க, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் போய்ப் போய் வந்து 15,000 மைல் முடிச்ச ரோல்ஸ் ராய்ஸோட சில்வர் கோஸ்ட் கார்லயே கியர் 4. மூணாவது நேரடி, அதாவது எஞ்சின் வேகத்துலயே வெளித்தண்டும் சுத்தும். நாலாவது ஓவர்டிரைவ், எஞ்சினைவிட வேகமா சுத்தும், ஆனா இழுவை குறையும். 1909லதான் அதைத் தூக்கிட்டு மூணாக்கினாங்க.

மலைச்சாலை: வீடியோ போட்டது நான்தான். பேர் சொல்லாம குத்தற பழக்கம் உங்களுக்கு இன்னும் போகலையா? ஓவர்டிரைவெல்லாம் ஒரு கியரா? மலையேற அது எதுக்கு ஆகும்? 1912ல ஆல்ப்ஸ் மலைச்சாலையில நடந்த ஆல்பைன் கார் போட்டியில ஜேம்ஸ் ராட்லி ஓட்டின 3 கியர் ரோல்ஸ் ஆஸ்திரியாவுல காட்ஷ்பெர்க் ஏத்தத்துல திணறி நின்னுச்சு. முதல் கியர் அந்த ஏத்தத்துக்குப் பத்தல. மறுவருஷம் 4 கியரோட போய்த்தான் மானத்தைக் காப்பாத்தினாங்க.

கியர்பாக்ஸ் கண்ணன்: வண்டி முன்னால போறதுக்கு லீவர் நாலு இடத்துல விழுந்தா நாலு கியர். "முதல்முறையா"ன்னு சொன்னீங்களா இல்லையா?

பெட்ஃபோர்ட் மகன்: கியரை எண்ணிக்கிட்டே இருக்கீங்களே, கிளட்சைப் பத்தி யாராவது பேசினீங்களா? அந்தக் காலத்துல தோல் போர்த்தின கூம்பு கிளட்ச். தோல் காஞ்சா வண்டி தவளை மாதிரி குதிக்கும், எண்ணெய் கூடினா வழுக்கும். வழுக்கினா மண்பொடி தூவுவாங்க. எங்கப்பா பெட்ஃபோர்ட் லாரியில கியர் இறக்கறப்போ நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். கிளட்சை மிதிச்சு நியூட்ரல், விட்டு ஒரு உறுமல், மறுபடி மிதிச்சு கியர். ஒரு நொடி பிசகினா கர்ர்ர்னு பல்லு கூசும். அந்த வித்தை தெரியாதவனும் ஓட்டட்டும்னுதானே 1928ல கேடிலாக் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்தான், பல்சக்கரங்களோட வேகத்தைத் தானே சமமாக்கிச் சேர்க்கற அமைப்பு?

கியர்பாக்ஸ் கண்ணன்: அண்ணே, கிளட்சுக்குத் தனித் திரி போடுங்க. இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. 1907ல 4 இருந்துச்சா இல்லையா?

நேப்பியர் நேசன்: ஆரம்பிச்சாச்சு ரோல்ஸ் புராணம். லண்டன்லேர்ந்து எடின்பரோவுக்கு டாப் கியர்லயே போய்க் காட்டினது முதல்ல ரோல்ஸோட போட்டிக் கம்பெனி நேப்பியர். அதைப் பார்த்து வயிறெரிஞ்சுதான் 1911ல ரோல்ஸ் கம்பெனி ஆள் ஹைவ்ஸை ஸ்டீயரிங்ல உட்கார வச்சு உங்காளுங்களும் ஓட்டினாங்க.

கியர்பாக்ஸ் கண்ணன்: ஓட்டி ஜெயிச்சாங்களே, அதை ஏன் முழுங்கறீங்க? கேலனுக்கு 24.32 மைல், அப்புறம் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துல மணிக்கு 78.26 மைல். ஆனா அதைப் போய் "கியர்பாக்ஸ் சோதனை"ன்னு மலைச்சாலை வீடியோவுல சொல்றார் பாருங்க, சிரிப்பு வருது. கியரையே மாத்தாம ஓட்டினா அது எஞ்சினோட இழுவைக்குத்தான் சோதனை. அதுவும் 3 கியர் வண்டி. 4 அதுக்கு முன்னாலயே வந்து போயாச்சு!

மலைச்சாலை: வந்து ஏன் போச்சு? எந்நேரமும் நாலாவதுலயே போட்டுக்கிட்டு "இழுக்கல, இழுக்கல"ன்னு வாங்கினவங்க புலம்பினதாலதானே எடுத்தாங்க? தூக்கி எறிஞ்ச கியரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க. போன வருஷம் அம்பாசடர் திரியிலயும் இதேதான்.

கியர்பாக்ஸ் கண்ணன்: அம்பாசடரை ஏன் இழுக்கறீங்க? அங்கயும் நான் சொன்னதுதான் சரி. இருந்தாத்தானே எடுக்க முடியும்? நீங்களே ஒத்துக்கிட்டீங்க, 4 இருந்துச்சு.

மலைச்சாலை: நான் எதையும் ஒத்துக்கல. மூணும் ஒரு ஓவர்டிரைவும் இருந்துச்சு.

நேப்பியர் நேசன்: மூணும் ஒண்ணும் எத்தனைப்பா?

மலைச்சாலை: உங்களை யாரும் கேக்கல.

கியர்பாக்ஸ் கண்ணன்: 1908ல பம்பாய்–கோலாப்பூர் ஓட்டத்துல ஆறு கணவாய் ஏறி இறங்கின சில்வர் கோஸ்டைப் பார்த்துட்டுத்தான் குவாலியர் மகாராஜா வாங்கினார். 1909க்கு முந்தின வண்டி அது. கியர் எத்தனைன்னு நீங்களே எண்ணிக்குங்க.

மலைச்சாலை: அந்த ஏத்தத்துல நாலாவதைப் போட்டா ஏறினாங்க? வீடியோ தலைப்பை மாத்த மாட்டேன்.

பெட்ஃபோர்ட் மகன்: அந்தத் தோலுக்கு விளக்கெண்ணெய் போடுவாங்கன்னு அப்பா சொல்வார். யாருக்காவது தெரியுமா?

கியர்பாக்ஸ் கண்ணன்: அண்ணே, தனித் திரி. மலைச்சாலை, 4.