கிச்சுகிச்சு மூட்டும்போது மனதில் தங்கிப்போன ஒரு நொடி: உங்களுக்கும் உண்டா?

தெப்பக்குளத்துக்காரி:
இங்கே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிச்சுகிச்சு விளையாட்டில் வீட்டுக்காரர் கட்டுப்படுவார், நான் கூசவைப்பேன். பகல் முழுக்கக் கடையில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், ராத்திரி அந்த அதிகாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டால்தான் அவருக்கு நிம்மதி. எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். சிரிக்கும்போது வார்த்தை வராதே, அதனால் கையில் சாவிக்கொத்து. அது விழுந்தால் நிறுத்த வேண்டும்.

அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். சரியான வெக்கை. சுங்குடித் துப்பட்டாவால் மணிக்கட்டைத் தளர்வாகக் கட்டியிருந்தேன். விலாவில் விரல் பட்டதும் வழக்கம்போல கெக்கே பிக்கே என்று சிரித்தார். திடீரென்று சத்தம் நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, தோள் குலுங்குகிறது, கண்ணீர் காது வரைக்கும் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. சாவி தரையில் விழுந்தது. கையை எடுத்துவிட்டேன். முடிச்சை அவிழ்த்தால், "ஏம்மா நிறுத்திட்ட? வேர்வைல நழுவிருச்சு" என்கிறார். நான் தொடரவில்லை. தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்தச் சத்தமில்லாத முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒத்தக்கடை ஆள்:
நழுவிவிட்டது என்று அவரே சொன்ன பிறகு என்ன தயக்கம் சகோதரி? தொடர்ந்திருக்கலாம். எங்கள் வீட்டில் மயிலிறகுதான். உள்ளங்காலில் ஒரே ஒரு கோடு மெதுவாக இழுத்தால் போதும், வீட்டுக்காரிக்குக் கட்டைவிரல் அப்படியே விறைத்து நிமிரும். அதைப் பார்ப்பதற்காகவே காத்திருப்பேன். சிரிப்பு இருக்கிறவரை பயமில்லை என்பது என் கருத்து.

வைகைக்கரை:
ஒத்தக்கடை அண்ணே, சிரிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 1897-லேயே ஹால், ஆலின் என்ற இருவர் இதை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார்கள். பூச்சி ஊர்கிற மாதிரி லேசாகக் கூசுவது ஒன்று, விலாவிலும் அக்குளிலும் அழுத்திச் சிரிக்கவைப்பது இன்னொன்று. உங்கள் மயிலிறகு முதல் வகை, தெப்பக்குளத்து அக்கா சொல்வது இரண்டாம் வகை. 1999-ல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, "இப்போது மனிதர் கிச்சுகிச்சு மூட்டுகிறார், இப்போது எந்திரம்" என்றார்கள். உண்மையில் இரண்டு தடவையும் மனிதக் கைதான். எந்திரம் என்று நம்பியபோதும் ஆட்கள் அதே அளவு சிரித்தார்கள். ஆக, சிரிப்பு உடம்பு தானாகச் செய்வது. பிடித்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. தெப்பக்குளத்து அக்கா செய்தது நூற்றுக்கு நூறு சரி. விழுந்தால் நிறுத்தம் என்று பேசியாகிவிட்டது, ஏன் விழுந்தது என்று அந்த நேரத்தில் விசாரிக்கக் கூடாது. நழுவியதே என்றாலும் மூச்சு விட்டு, நிதானமாகப் பேசி, இன்னொரு நாள் ஆரம்பிக்கலாம்.

என் கதை சின்னது. என்னைக் கூசவைக்கிறவர் ஒருநாள் நடுவிலேயே நிறுத்திவிட்டு, "நீ சிரிக்கிற, ஆனா உன் கை என்னைத் தள்ளுது" என்றார். என் கை தள்ளியது எனக்கே தெரியவில்லை. அவர் பார்த்திருக்கிறார்.

அப்புறம் சில விஷயம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். விரல் மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். கத்தரிக்கோல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சாப்பிட்ட உடனே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் என்றால் இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சத்தமே வராத சிரிப்பு வந்தால் சாவி விழும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே கையை எடுத்து மூச்சு வாங்க விடுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள், கொஞ்ச நேரம் கூடவே இருங்கள்.

திருநகர்க்காரன்:
வைகைக்கரை சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் யாரும் தங்களை இன்னொருவர் கையில் ஒப்படைக்கவில்லையே. யார் கை என்பது எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

எங்கள் விளையாட்டில் நான் மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து மாட்டுத்தாவணி வரை பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிரித்தால் திரும்பப் பெரியார். மாட்டுத்தாவணி என்று சொல்லிவிட்டால் அவள் கையை எடுத்துவிடுவாள். பெரும்பாலும் சிம்மக்கல் தாண்டி, கோரிப்பாளையத்தில் "கோ" என்று ஆரம்பிக்கும்போதே அக்குளில் விரல் வந்துவிடும், போச்சு. ஒருநாள் எப்படியோ பல்லைக் கடித்து கே.கே.நகர் வரை வந்துவிட்டேன். அடுத்த பெயரைச் சொன்னால் முடிந்தது. அவள் விரலை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "பெரியார்" என்றேன். "வேணும்னுதானே சொன்ன?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் கை வைத்தாள்.

இன்ஹேலர் விஷயம் மட்டும் மறுபேச்சில்லை. எனக்கு வீசிங் உண்டு, தலைமாட்டிலேயே இருக்கும்.