மட்டக்களப்பில் மூன்று நாள்: நகரத்து மலிவு விடுதியா, பாசிக்குடாக் கடற்கரையா?

வவுனியா வாசகன்:
வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று நாள் மட்டக்களப்பில் தங்க எண்ணியுள்ளோம். நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயதான அம்மா. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். அம்மாவுக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் வேண்டும். எங்களிடம் உள்ள பணத்துக்கு நகர மையமான புளியந்தீவில் ஒரு சாதாரண விடுதியில் இரண்டு அறைகள் மூன்று இரவுக்குக் கிடைக்கும். அதே பணம் பாசிக்குடாவின் பெரிய விடுதிகளில் ஓர் இரவுக்கே போதாது என்கிறார் அலுவலக நண்பர். எங்கே தங்குவது நல்லது?

புளியந்தீவான்:
ஐயா, யோசிக்காமல் நகரத்திலேயே தங்குங்கள். கடல் இலங்கையைச் சுற்றி எங்கும் இருக்கிறது. இந்த வாவி இங்கேதான் இருக்கிறது. விடியற்காலையில் விடுதியிலிருந்து இறங்கி வாவிக்கரைக்கு நடந்தால், இரவெல்லாம் வலைபோட்ட தோணிகள் திரும்பிவருவதைப் பிள்ளைகள் காண்பார்கள். கூடையில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கால் அசைத்துக்கொண்டிருக்கும், இறால் இன்னும் கண்ணாடிபோல் இருக்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும் அருகில்தான். மாலையில் 1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். வாகனங்களுக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் இருப்பதால் பழையதில் பயமின்றி நின்று, வீச்சுவலை விரிந்து விழுவதைப் பார்க்கலாம். நிலாக்காலமாக இருந்தால் ஒரு தோணிக்காரரிடம் கேளுங்கள். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீன்களின் ஒலி கேட்கும் என்பார்கள். நான் சிறுவயதில் அப்பாவோடு போய்க் கேட்டிருக்கிறேன், ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பதுபோல ஓர் ஒலி. பாசிக்குடாவில் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

அலைமகள்:
புளியந்தீவான் அண்ணன் சொன்ன வாவியை நானும் நேசிக்கிறேன். ஆனால் கேட்டவர் ஐந்து வயதுப் பிள்ளையோடு வருகிறார், பிள்ளை கேட்டது கடலை. நகரத்திலிருந்து பாசிக்குடா ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பஸ்ஸில் செங்கலடி, வந்தாறுமூலை எனத் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடிக்க வேண்டும். போகவே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைவிட முக்கியமானது வேளை. ஓகஸ்டில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது முற்பகல் பத்து மணிக்குப் பிறகு மணலில் கால் வைக்க முடியாது. கடலுக்கு உரிய நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது, பின்னர் மாலை நாலரைக்கு மேல். நகரத்தில் தங்கி, காலைச் சாப்பாட்டை முடித்து, பஸ் ஏறி வருபவர்கள் சரியாக உச்சி வெயிலில்தான் கரையில் வந்து நிற்கிறார்கள். மாலையில் கடல் இதமாகும்போது பஸ்ஸைத் தவறவிடக்கூடாதே என்று பிள்ளைகளைக் கரைக்கு இழுக்கிறார்கள். உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு சின்னப் பிள்ளை பஸ்ஸில் அழுதுகொண்டு வருவதை நான் என் மகனிடமே கண்டேன்.

அந்தப் பயணத்தில் நாங்கள் தங்கியதும் நகரத்து மலிவு விடுதியில்தான். பெயர் வேண்டாம். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தந்த துவாய் ஈரமாக இருந்தது, நுளம்பு வலையில் என் கை நுழையும் ஓட்டை இருந்தது. விடியுமுன்பே பஸ் ஹோன் சத்தம். மிச்சம் பிடித்த பணத்தின் பெரும்பகுதி ஓட்டோவுக்கும் வானுக்கும் போனது.

புளியந்தீவான்:
தங்கச்சி, அந்த அறையைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், எங்கள் ஊரில் அப்படியும் அறைகள் உண்டு. அதற்காகத்தான் முன்பணம் அனுப்பாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். அறையைத் திறந்து பார்த்து, குழாயைத் திருகி, தலையணை உறையை முகர்ந்து பார்த்த பிறகே திறப்பை வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் நாலு கட்டடம் தள்ளி இன்னொரு விடுதி இருக்கும். கடற்கரையில் மாலை ஏழு மணிக்கு ஓர் அறை பிடிக்காமற்போனால் எங்கே போவீர்கள்?

சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள். நகரத்தில் அம்மாவுக்கு இடியப்பமும் சொதியும் ஒரு கடையில், பிள்ளைகளுக்குத் தோசை அடுத்த கடையில், எருமைத் தயிர் சட்டியோடு வாங்கலாம். பெரிய விடுதிக்குள் போனவர் மூன்று வேளையும் அங்கேயே உண்கிறார். 2009இல் போர் முடிந்தபின் அந்தக் கரையில் எழுந்த பெரிய மதில்களுக்குள்ளேயே அவருடைய பணமும் நின்றுவிடுகிறது. நகரத்தில் தங்குபவரின் காசு தேநீர்க் கடைக்கும் ஓட்டோக்காரருக்கும் சந்தையில் மீன் விற்கும் அக்காவுக்கும் போகிறது. எனக்கு இது சிறிய விடயமாகத் தெரியவில்லை.

கல்லடி ஆசிரியை:
இரண்டு பேரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்தில் தங்குபவர்கள், கடல் பாலத்துக்கு அப்பால்தானே இருக்கிறது என்று கல்லடிக் கரைக்குப் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இது திறந்த கடல், கரையிலேயே ஆழம் விழும், இழுவை உண்டு. 2004 திசம்பரில் வந்த சுனாமியில் இந்தக் கரை எத்தனை பேரை இழந்தது என்பதை இங்கே வாழ்பவர்கள் மறக்கவில்லை. அன்று சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், மணலில் காற்று வாங்குங்கள், நீரில் இறங்கவிடாதீர்கள். பாசிக்குடாக் குடா வேறு. வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு நீர்தான். பெரிய விடுதிக்குள் போகாமலே பொதுமக்கள் குளிக்கும் பகுதியில் இறங்கலாம்.

இன்னொன்று: அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையன்று. அந்த நாட்களை ஒட்டி வந்தால் நகரத்தில் அறை கிடைப்பது கடினம். திகதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

வவுனியா வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நகரத்து விடுதிகளில் மின்தூக்கி இருக்குமா?

புளியந்தீவான்:
இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மன்னியுங்கள். மலிவு விடுதிகள் பெரும்பாலும் கடைகளுக்கு மேலே இரண்டாம் மூன்றாம் மாடியில் இருப்பவை, படியும் செங்குத்தானது. வாவி தெரியும் நல்ல அறைகளும் மேலேதான். அம்மாவுக்குக் கீழ்த்தளத்து அறை இல்லையென்றால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள், நான் புகழ்ந்த காட்சிக்காக அவரை ஏற்றி இறக்காதீர்கள்.

அலைமகள்:
அண்ணன் இதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பாசிக்குடாவை ஒட்டிய கல்குடாப் பக்கம் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு தங்ககங்கள் உண்டு; வளவுக்குள் தரைமட்ட அறைகள், பெரிய விடுதிகளின் விலையும் இல்லை. உங்கள் நண்பர் சொன்ன விலையோடு அவற்றைக் குழப்ப வேண்டாம். பாசிக்குடா என்றவுடன் எல்லோரும் மதிலுக்குள் இருப்பதையே நினைப்பதுதான் என் மனக்குறை.

வவுனியா வாசகன்:
இன்று தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். நகரத்தில் ஒரு விடுதியில் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன. வாவி தெரியாது, முற்றத்தில் ஒரு வேப்பமரம் தெரியும் என்றார்கள். முதல் இரண்டு இரவும் அங்கே தங்கி அம்மாவின் கோயிலை முடிக்கிறோம். மூன்றாம் இரவு கல்குடாத் தங்ககம். பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் ஒரு மாலைக் கடலும் ஒரு காலைக் கடலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

அலைமகள்:
அந்த நாள் பௌர்ணமி விடுமுறையான போயாவாகவோ வார இறுதியாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரையில் கால் வைக்க இடம் இராது. அம்மாவுக்கு ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுவாருங்கள்.