எழும்பூர் நிலைய மாதிரி: வளைவில் பெட்டி நடைமேடையில் உரசுகிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து

வணக்கம். எழும்பூர் ரயில் நிலையத்தை 1:87 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து வாரமாக வேலை நின்றுபோயிருக்கிறது.

எதற்கு எழும்பூர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து வந்த சிறு ரயில் பாதையை வெள்ளைக்காரன் காலத்திலேயே மூடினார்கள், அதோடு சரி. சென்னையில் அச்சகத்தில் வேலை பார்த்த எட்டு வருடமும் கென்னத் லேனில்தான் தங்கியிருந்தேன். 1908-இல் திறந்த அந்தச் சிவப்பும் வெள்ளையுமான கட்டடத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து, இதைக் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை மனதில் விழுந்துவிட்டது. முகப்பும் குவிமாடங்களும் முடிந்துவிட்டன, நன்றாகவே வந்திருக்கின்றன. நடைமேடைதான் படுத்துகிறது.

8 அடி ப்ளைவுட் பலகை. தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. நடைமேடை நேராக ஒன்றரை மீட்டர் போகிறது. அதற்குமேல் இடமில்லாததால் கடைசி ஒன்றேகால் அடியைத் தண்டவாளத்தோடு சேர்த்து வளைத்திருக்கிறேன், ஆரம் 18 அங்குலம். நடைமேடை வளைவின் உள்பக்கம். நிஜ அளவையே சுருக்கினேன்: தண்டவாள நடுவிலிருந்து நடைமேடை விளிம்பு வரை 1680 மிமீ, அதாவது மாதிரியில் 19.3 மிமீ. நேர்ப்பகுதியில் பெட்டி அழகாக ஒட்டிப் போகிறது. வளைவில் நுழைந்ததும் உரசி, தடம் புரண்டுவிடுகிறது.

இன்னொன்று. நடைமேடை, கடையில் மிஞ்சிய 5 மிமீ சன்போர்டு (பெயர்ப்பலகைக்குப் போடும் பிளாஸ்டிக் பலகை) மூன்று அடுக்கு. காலையில் மட்டமாக இருக்கிறது, மதியம் நடுவில் 3 மிமீ எழும்பி நிற்கிறது. அராள்டைட் போட்டு அங்கங்கே ஒட்டியிருக்கிறேன். அறைக்கு மேலே தகர ஷீட். இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா?

பதில்: ஓசூரிலிருந்து

அண்ணா, உரசுவது பெட்டியின் நடுவா, முனையா? அது தெரியாமல் எதையும் வெட்டாதீர்கள். நடைமேடையைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில், நடுவில் ஒன்றும் முனையில் ஒன்றுமாகப் பென்சில் முனையை டேப் போட்டு ஒட்டி, கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பலகையில் விழும் கோடுதான் பெட்டிக்கு உண்மையில் வேண்டிய இடம். பெட்டியின் நீளமும், சக்கரத் தொகுதிகளின் நடுவுக்கு நடு தூரமும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன் தம்பி. நடுப்பகுதிதான் உள்ளே வருகிறது, கிட்டத்தட்ட 8 மிமீ. வெளிப்பக்கம் முனைகளும் அதே அளவு தள்ளுகின்றன. பழைய நீலநிற ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியின் மாதிரி, நீளம் 256 மிமீ. சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே 170.

பதில்: சேலத்திலிருந்து, ரயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

உங்கள் அளவில் தப்பே இல்லை தம்பி. வளைவுதான் தப்பு.

போகி என்று நம் ஊரில் பெட்டியையே சொல்வோம். நான் சொல்லும் போகி பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி. இரண்டு போகிகளும் தண்டவாளத்தின் மேல் இருக்கும், ஆனால் பெட்டி வளையாதே. அதனால் நடுப்பகுதி குறுக்கே உள்பக்கம் வந்துவிடுகிறது. கணக்கு எளிது: போகித் தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 170 பெருக்கல் 170 என்றால் 28,900. உங்கள் ஆரம் 457 மிமீ, அதன் எட்டு மடங்கு 3,656. விடை 7.9. உங்கள் பென்சில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. பெட்டியின் பாதி அகலமே 18.6 மிமீ. 19.3-இல் 8 மிமீக்கு இடம் எங்கே?

நிஜத்தில் அகலப்பாதையில் 10 டிகிரிக்கு மேல் வளைவு போடுவதில்லை, அது 175 மீட்டர் ஆரம். உங்கள் 18 அங்குலத்தை 87-ஆல் பெருக்கினால் வெறும் 40 மீட்டர். அந்த 175 மீட்டரிலேயே இந்தப் பெட்டி 15 செ.மீ. உள்ளே வரும். வளைவில் கூடுதல் இடைவெளி விட்டுத்தான் எதையும் கட்டுவோம்.

வளைவில் மட்டும் நடைமேடையை 8 மிமீ வெட்டலாம், ரயில் ஓடும். ஆனால் பெட்டி நிற்கும்போது அந்த இடைவெளி நிஜத்தில் 70 செ.மீ. மாதிரி தெரியும், ஒரு குழந்தை விழுந்துவிடும் அளவு. நான் அதைச் செய்ய மாட்டேன். வளைவு தொடங்குவதற்கு 170 மிமீ முன்பே நடைமேடையை முடித்துவிடுங்கள். முன் போகி வளைவில் ஏறியதுமே, பின்னால் நேர்ப்பாதையில் இருக்கும் உடல் விலகத் தொடங்கிவிடும், அதற்குத்தான் இந்த 170. முடிவைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக இறக்குங்கள். நிஜத்தில் 6-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. 10 மிமீ உயரத்துக்கு 60 மிமீ சரிவு. ஐந்து பெட்டி நிற்கும், இன்ஜின் சரிவைத் தாண்டி நிற்கட்டும். நீளம் குறைகிறதே என்று வருந்தாதீர்கள். 24 பெட்டி ரயிலை முழுதாக நிறுத்த 20 அடிக்கு மேல் பலகை வேண்டும், அது யார் வீட்டில் இருக்கிறது?

பதில்: தருமபுரியிலிருந்து, பெயர்ப்பலகை செய்பவர்

மதியம் எழும்புவது வேறு கோளாறு. சன்போர்டு பிவிசி. 10 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டருக்கு அரை மிமீக்கு மேல் நீளும். தகர ஷீட்டுக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால் உங்கள் ஒன்றரை மீட்டரில் 2 மிமீ கூடும். கீழே ப்ளைவுட் அந்த அளவு நீளாது. அராள்டைட் விடாது. அப்புறம் அது மேலேதான் போக முடியும். எங்கள் கடைப் பலகைகளையும் சித்திரை வெயிலில் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

அடியில் 12 மிமீ ப்ளைவுட் வையுங்கள். மேலே மட்டும் 3 மிமீ சன்போர்டு, ஒரே நீளமாக இல்லாமல் 25 செ.மீ. துண்டுகளாக, நடுவே அரை மிமீ இடைவெளி விட்டு. ஒவ்வொரு துண்டையும் அதன் நடுவில் மட்டும் இருபக்க டேப்பால் ஒட்டினால் போதும். கூரைத் தூண்களின் நேருக்கு இணைப்பு வந்தால் கண்ணில் படாது.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

மூவருக்கும் நன்றி. வளைந்த பகுதியை அறுத்து எடுத்தபோது மனசு கேட்கவில்லை, அதில் மட்டும் நான்கு நாள் வேலை இருந்தது. ஆனால் சரிவு வைத்த பிறகுதான் அது நடைமேடை மாதிரியே இருக்கிறது. நேற்று மதியம் இரண்டு மணிக்கு, அறை அனலாக இருக்கும்போதே ஓட்டினேன். ஐந்து பெட்டியும் உரசாமல் வந்து நின்றன. இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நடைமேடை மட்டமாக இருக்கிறது. பென்சில் கோட்டை அழித்துவிட்டு ஜல்லி போடப் போகிறேன்.

சேலத்திலிருந்து

கோட்டை அழிக்காதீர்கள் தம்பி. ஜல்லி போடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் படியெடுத்து வையுங்கள். அடுத்து சிக்னல் கம்பமும் மின்கம்பமும் நட வேண்டுமே, வளைவின் இரண்டு பக்கமும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நட வேண்டும்.