புதுப்பிப்பு: வேன் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஓடும் கேம்பர் வேனில், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஆல்டர்னேட்டரோடு (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் பாகம்) நேரடியாக இணைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அதற்குப் பதிலாக 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (கரண்ட்டை அளவோடு பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி) பொருத்தியாகிவிட்டது.

ரிலே போதும் என்ற அண்ணன்மாருக்கு: ஈய-அமில பேட்டரிக்கு அது சரி. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கிடைப்பதையெல்லாம் இழுக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி ஊரும்போது ஆல்டர்னேட்டர் விசிறி மெதுவாகச் சுழலும், பேட்டரி இழுக்கும் கரண்ட்டோ குறையாது. ஆல்டர்னேட்டர் சூடேறி அதனுள் இருக்கும் டயோடு (ஏசியை டிசியாக்கும் பாகம்) கருகுவது அப்போதுதான்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். சார்ஜருக்குள் போகும் பக்கம் 35 ஆம்பியர் ஓடினால் 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 1 வோல்ட் வீணாகும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். 60 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, வண்டி பேட்டரி, லித்தியம் பேட்டரி ஒவ்வொன்றின் பிளஸ் முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள்.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்ட்டைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவது) என்றால் சார்ஜரின் இக்னிஷன் ஒயரை (சாவி போட்டிருப்பதைச் சார்ஜருக்குச் சொல்லும் ஒயர்) கட்டாயம் இணையுங்கள். இல்லாவிட்டால் வோல்ட் இறங்கியதும் இன்ஜின் நின்றுவிட்டதென்று நினைத்துச் சார்ஜர் அணைந்துவிடும்.

குலுங்கும் சாலையில் லக் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) தளரும். தளர்ந்த இடம் சுடும். ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்.