நோயாளியிடம் கேட்டால் மகன் பதில் சொல்கிறார்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு, இந்த மாதம் மெடிக்கல் வார்டு போஸ்டிங். ஹெல்த் அசெஸ்மென்ட்டுக்கு எனக்கு வந்திருப்பவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மூச்சுத்திணறல், இரண்டு கணுக்காலிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. பல்ஸ், பிபி, சுவாச எண்ணிக்கை எல்லாம் எடுத்தாயிற்று.

ஹிஸ்டரி, அதாவது நோய் பற்றிய விவரங்களைக் கேட்டு வாங்குவதுதான் நகரவே மாட்டேன் என்கிறது. "ராத்திரி எத்தனை தலகாணி வச்சுப் படுப்பீங்கம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாத் தூங்குறாங்க சிஸ்டர்" என்று மகன் முந்திக்கொள்கிறார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். ஆனால் நான் போகும்போதெல்லாம் அம்மா, படுத்தால் மூச்சு முட்டுபவர் போல, சாய்ந்து உட்கார்ந்துதான் இருக்கிறார்!

ஸ்டூல் போட்டு அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளை விட்டு, "மூச்சு வாங்குறது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்க" என்றும் கேட்டேன். 0 முதல் 10 வரையிலான வலி ஸ்கேலுக்குக்கூட மகனே எண் சொல்கிறார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, தெளிவாகவும் இருக்கிறார். மகனுக்குப் பாசம், அதைக் குறை சொல்ல முடியாது. வார்டு சிஸ்டரிடம் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்.

மகன் மனம் கோணாமல், அம்மாவிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச அவரிடம் எந்த வார்த்தைகளில் கேட்பீர்கள்?